எட்டு நாள் சொந்தக்காரன்

பங்குனிப் பௌர்ணமிக்கு முந்தின காலை
வாலிநோக்கம் உப்பளத்துக் கெமிஸ்ட் எலியாஸ் சார்
மண்டபம் வரைக்கும் ஜீப்பில் வந்து
என் பட்டறையில் ஒரு சாக்கை இறக்கினார்.
"லெம்பேட், எங்கள் வீட்டுக் கோதுமையை வாங்கிக்கொள்வாயா?"
அவருடைய பம்பு செட்டை நான்தான் பழுது பார்ப்பேன்,
வேறு வியாபாரம் எங்களுக்குள் கிடையாது.
"எவ்வளவு சார்?"
"பதினோரு ரூபாய்."

இன்றிரவு பாஸ்கா.
எட்டு நாளைக்குப் புளிக்கக்கூடிய எதுவும்
யூதருக்குச் சொந்தமாய் இருக்கக் கூடாதாம்.

எங்கள் பேசாலையில் பாஸ்கா என்றால் நாடகம்.
தும்புத் தாடி ஒட்டி, சரிகைத் தொப்பி வைத்து
அப்பா மூன்று வருஷம் யூதனாக நின்று கத்தினார்.
அதற்குப் பிறகு நான் பார்த்த முதல் யூதர்
கால்சட்டைப் பையில் டெஸ்டரோடு
பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்:
ஆட்டா அரை மூட்டை, மைதா, ரவை, சேமியா,
மேரி பிஸ்கட் ஒன்பது பாக்கெட்,
பியர் ஒன்று (தங்கச்சிக்குத் தெரியாது).
கார்பன் வைத்து, அழுத்தி:
விற்பவர், பறவூர் எலியாஸ்.
வாங்குபவர், இனி முழு உரிமையாளர்,
சவிரியான் மகன் லெம்பேட்.

என் பெயர் இருக்கிற தாள்கள் நிறைய.
முகாம் பதிவேடு, கியூ பிராஞ்ச் கோப்பு,
தணிக்கை நாளில் கைரேகை வைக்கிற நோட்டு.
பைக் முதலாளி பெயரில்.
சிம் கார்டு பங்குச் சாமி பெயரில்.
இந்தத் தாளை மூன்று தரம் வாசித்தேன்.

இரவு தங்கக் கடிதம் வாங்கிக்கொண்டு போனேன்.
உப்புக் கிடங்கை ஒட்டின ஒரே அறை,
அதுதான் அவர்களுடைய ஜெபாலயம்.
தூத்துக்குடியிலிருந்து ஒரு குடும்பம்,
மதுரையிலிருந்து பல் டாக்டர் ஒருவர்.
பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் சில செபங்கள்.
சிப்போரா எண்ணினாள், ஐந்து, ஆறு,
ஏழுக்கு விரல் என்னிடம் வந்து
சிரித்து விலகியது.

இருப்பதில் இளையவன் நெகேமியா, வயது இருபத்தாறு.
கேள்வி கேட்பது சின்னப் பிள்ளையின் வேலையாம்,
கூச்சத்தோடு ராகம் இழுத்தான்:
எல்லா இரவிலும் இந்த இரவு ஏன் வேறு?

கொத்தமல்லித் தண்டை உப்புத் தண்ணீரில் முக்கித்
தின்னக் கொடுத்தார்கள். கண்ணீராம்.
தொண்டை என்னைக் கேட்காமல் திரும்பிப் போயிற்று,
தொண்ணூறில், நாலாம் தீடைக்கு.
"இதுதான் இராமேஸ்வரம், இறங்குங்கோ"
என்று சொல்லிப் படகுக்காரன் போய்விட்டான்.
விடிந்தபோது நாலு பக்கமும் கடல்.
தண்ணீர் ஏறி முழங்காலுக்கு வந்ததும்
அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்.
தாடி ஒட்டின பசைத் தழும்பு
அவர் கன்னத்தில் இருந்தது அன்றைக்கும்.

கடல் பிளந்த பக்கத்தை எலியாஸ் சார்
மலையாள இழுவையில் தமிழாக்கிச் சொன்னார்.
நான் அப்பளம் போன்ற அந்த ரொட்டியை
நொறுக்கிக்கொண்டே இருந்தேன்.
என்னிடமும் ஒரு கேள்வி இருந்தது.
கேட்கவில்லை, விருந்தாளி.

முடிவில் எல்லோரும் சேர்ந்து
"அடுத்த வருஷம் எருசலேமில்."
முகாமில் நத்தாருக்கும் பொங்கலுக்கும்
நாங்கள் சொல்கிற அதே வாசகம், ஊர்ப் பெயர்தான் வேறு.
சிப்போரா மட்டும் அடிக்குரலில்
"அடுத்த வருஷம் தங்கச்சிமடம் பள்ளிக்கு
மாற்றல் கிடைக்கணும்" என்றாள்.

எட்டு நாள் கழித்துத் திரும்ப வாங்க வந்தார்.
எண்ணினார். "பிஸ்கட் எட்டுத்தான் இருக்கு."
"என் பொருள் சார். தின்றுவிட்டேன்."
ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
பிறகு சட்டையை இழுத்துவிட்டு,
முறைப்படி, நின்று:
"உரிமையாளர் நீ. விலை சொல்."

விலை சொல் என்று யாரும் கேட்டதில்லை.
வாய் வரைக்கும் என்னென்னவோ வந்தது.
பதினோரு ரூபாய் என்றேன்.

கார்பன் நகலை மட்டும் கேட்டேன்.
"இனி செல்லாதே அது."
"தெரியும் சார்."

ரேஷன் அட்டை உறைக்குள் வைத்திருக்கிறேன்.
வியர்வையில் 'முழு உரிமையாளர்' கலங்கிவிட்டது.
மேரி பிஸ்கட் ஒன்பது என்பது மட்டும்
இன்னும் தெளிவாய் இருக்கிறது.